பெல்ட் மாட்டுகிற சத்தம்

என் வீட்டுக்காரர் துபாயில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டினார். சொந்தக் கார் இல்லை, ஒரு அரபி வீட்டுக் கார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, அவர்களுடைய உம்மா கடைக்குப் போனால் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது, இவைதான் வேலை. கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். அவர் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் முழுசாக இரண்டு வருஷம் தேறாது. இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை. கீழக்கரையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். அழ ஆரம்பித்தால் தெருவே சேர்ந்து அழ வேண்டியிருக்கும், அப்புறம் சோறு யார் ஆக்குவது?

நாங்கள் போனில் குடும்பம் நடத்தினோம். அங்கே காலை ஆறரை என்றால் இங்கே எட்டு மணி. பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். தன் அறையிலிருந்து பேசிக்கொண்டே இறங்கி வருவார். செருப்புச் சத்தம் கேட்கும். கார்க் கதவு திறக்கும், மூடும். கொஞ்ச நேரம் கழித்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது சீட் பெல்ட் மாட்டுகிற சத்தம். அது கேட்டதும், “சரி புள்ள, வைக்கிறேன்” என்பார். லைன் போய்விடும்.

அங்கே வண்டி ஓட்டிக்கொண்டு போன் பேசினால் பிடித்து அபராதம் போட்டுவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்தின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், டக். கூரையில் ஒழுகுகிறது என்பேன், டக். என் உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அதுவரை எல்லோர் முன்னாலும் அடக்கி வைத்திருந்த அழுகை அவர் குரலைக் கேட்டதும் பொங்கிவிட்டது. அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் டக். அன்றைக்கு “வைக்கிறேன்” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே, பேசிக்கொண்டிருந்த வார்த்தை என் வாயிலேயே நின்றுவிடப் பழகிவிட்டது.

போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. ஆகவே நான் எங்கேயும் போகவில்லை, வந்து சேர்ந்தவர் அவர்தான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். முதல் மாதம் இரண்டு மூன்று தடவை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பாக இல்லை. கிடைத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வந்த மூன்றாம் மாதம் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். எங்கள் தெரு ஆட்டோ நுழைவதற்கே யோசிக்கும் தெரு. அதனால் கார் தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிற்கும். தினமும் போய்த் துடைப்பார். கடல் காற்றில் உப்பு படிந்துவிடுமாம். சீட்டின்மேல் கம்பெனியில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே விடவில்லை. எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தப் பொருளுக்கும் பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டோம். எங்கள் வீட்டு டிவி ரிமோட் பத்து வருஷமாகப் பிளாஸ்டிக்குக்குள்ளேதான் இருக்கிறது, உள்ளே எறும்பு செத்துக் கிடக்கிறது. இந்தக் கார் வெளிநாட்டிலிருந்துகூட வரவில்லை. ஆனாலும் வாங்கிய பணம் அங்கேயிருந்து வந்ததல்லவா, அதனால் இதற்கும் அதே மரியாதை.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இன்னொன்றுதான் பொறுக்கவில்லை. ராமநாதபுரத்தில் கார்ச் சாமான் விற்கிற கடையில் ஒரு சின்ன இரும்புத் துண்டைக் கொடுத்திருக்கிறார்கள். பெல்ட்டின் நுனியில் இருக்கும் நாக்கு மாதிரியே இருக்கும், ஆனால் பெல்ட் இருக்காது. அதைக் கொண்டுபோய்ப் பூட்டில் செருகிவிட்டால், டிரைவர் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும். கீங் கீங் என்று கத்தாது. இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் பெல்ட் மாட்டிய மனுஷன், சொந்த ஊரில் சொந்தக் காரில் உட்கார்ந்து, அந்த இரும்புத் துண்டைச் செருகிவிட்டு, டவலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்.

“ஏன் மச்சான், அந்த அரபி வீட்டுப் புள்ளைக்கெல்லாம் நீங்கதானே மாட்டி விட்டீங்க. இங்கன உங்களுக்கு மாட்டிக்க என்ன கேடு?”

“நம்ம ஊர்ல யாரு புள்ள கேக்கப் போறா? அப்படியே என்னமும் ஆனாலும் முன்னாடி ரெண்டு பலூன் இருக்கு. பலூன் இருக்கயில கயிறு எதுக்கு?”

பலூன் என்று அவர் சொன்னது ஏர்பேக்கை. கார் பார்க்க வந்த கூட்டாளிகளிடம் எல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி, “இதுக்குள்ள ஒண்ணு, அங்கன ஒண்ணு” என்று காட்டுவார். ஏதோ அவரே ஊதி உள்ளே வைத்தது போல இருக்கும்.

நான் கல்லூரியில் ஒன்றரை வருஷம் விலங்கியல் படித்தவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனாலும், எதைக் கண்டாலும் படிக்கிற புத்தி போகவில்லை. காரோடு வந்த புத்தகத்தை அவர் பிரிக்கவே இல்லை, அதற்கும் பிளாஸ்டிக் உறை. நான் பிரித்து, மத்தியானச் சோறு ஆக்கி முடித்தபிறகு நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படித்தேன். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் இல்லை என்று அதில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. அதைக் காட்டினால், “அது கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாத்திக்க எழுதுறது” என்றார். நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் வாங்கி வந்த தொதல் அல்வாவுக்காகப் பேசிவிட்டேன். என் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

நான் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை. நான் பெல்ட் மாட்டியது உண்மை. ஆனால் நெஞ்சுக்குக் குறுக்கே வரவேண்டிய பட்டையை எடுத்துக் கைக்கு அடியில், அக்குளுக்குள் விட்டுக்கொள்வேன். பர்தாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்கு நடுவில் ஒரு பட்டை ஓட, முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் நடுவே போவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தில் அப்படிப் போடக்கூடாது என்றும் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் அவருக்குக் காட்டவில்லை.

அவருக்கு மீன் என்றால் உயிர். அங்கே ஐஸில் கிடந்த மீனைத் தின்று நாக்கே செத்துப்போச்சு என்பார். ஒரு நாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, “வா புள்ள, வாலிநோக்கம் போய்ட்டு வருவோம். கரைக்கு வாரப்பவே வாங்கிரலாம்” என்றார். விடிந்தும் விடியாமல் போனோம். வள்ளம் கரையேறிக்கொண்டிருந்தது. துடிக்கத் துடிக்க நாலு விளமீன் வாங்கி, கொண்டுபோன பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொஞ்சம் கடல் தண்ணீரும் ஊற்றி, பின் சீட்டில் வைத்தார். சீட்டுக்கு ஒன்றும் ஆகாது, பிளாஸ்டிக் இருக்கிறதே என்று பெருமை வேறு.

திரும்பி வருகிற வழியில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். லாரியில் ஏற்றுவதற்காக உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். எங்கள் முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் விளமீனைக் குழம்பு வைப்பதா, பொரிப்பதா என்று கேட்டேன். அதற்குள் கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு ஆட்டு மந்தை அப்படியே ரோட்டில் இறங்கியது. அவர் பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு மணலில் இறங்கி, சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், ஒரு உப்புக் குவியலுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது.

என்னை யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்துக்கொண்டது போல இருந்தது. அக்குளுக்கு அடியில் இருந்த பட்டை விலாவில் வெட்டியது, மூச்சு ஒரு கணம் வரவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு. ஹார்ன் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து கிடந்தார். அவருடைய நெஞ்சுதான் ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தது.

“மச்சான்” என்றேன். ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. “மச்சான், மச்சான்” என்று கையை நீட்டினேன். பெல்ட் விடவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும், அது எனக்குத் தெரியும், புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பத்து நொடிகூட இருக்காது. வந்து சேர்ந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே அல்லாஹ் என்று கேட்டேன். இப்போதுதானே கொடுத்தாய் என்று கேட்டேன். அப்படி நான் எதற்காகவும் கேட்டதில்லை.

அப்புறம் ஹார்ன் நின்றது. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்த வாளி பறந்து வந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே கவிழ்ந்திருந்தது. அவர் தோளில் ஒரு விளமீன், மடியில் ஒன்று. அவர் தோளைத் தடவி மீனை எடுத்துப் பார்த்துவிட்டு, “மிச்சம் ரெண்டு எங்கன?” என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அவரை அடிப்பதா, கட்டிப் பிடித்து அழுவதா என்று தெரியாமல், மிச்சம் இரண்டு மீனையும் குனிந்து தேடிக் கொடுத்தேன். ஆடுகள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போயிருந்தன.

உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் ஓடி வந்து, உப்பை வாரித் தள்ளி, வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதில் ஒரு அம்மாள் அவர் முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, “ஆட்டுக்கு வழி விட்டீக, சரி. அதுக்காக எங்க உப்பையா முட்டுவீக” என்றாள். பம்பர் கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, நெஞ்சில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். என் விலாவிலும் ஒரு பட்டை நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அதை நான் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது மனுஷன் திருந்துவார் என்று பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றால், பலூன்மேல். “இடிச்ச இடியில வெளியில வரணுமா வேண்டாமா? ஏமாத்தி வித்துருக்கான்” என்று இரண்டு நாள் குதித்தார். மூன்றாம் நாள் வீங்கின உதட்டோடு, ராமநாதபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ஒர்க் ஷாப்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நானும் ஏறிக்கொண்டேன். சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே. நியாயமாகச் சொன்னால், சேர்ந்து சண்டை போடத்தான் போனேன்.

எங்கள் வண்டியைப் பார்க்க வந்தது ஒரு பெண். முதுகுளத்தூர்ப் பக்கம், இருபத்தைந்து வயது இருக்கும், நீலச் சட்டையில் கிரீஸ் கறை. என் வீட்டுக்காரர் சொன்ன புகாரைக் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டது. அப்புறம், “எதுல சார் மோதுனீங்க?” என்றது.

“உப்பு.”

“உப்பு மூட்டையா?”

“குவியல்.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது. “சார், நல்ல இடமாப் பாத்துத்தான் மோதிருக்கீங்க. உப்பு சரிஞ்சு சரிஞ்சு வழி விட்டு, வண்டியை மெள்ள நிப்பாட்டிருக்கு. கார்ல ஒரு சென்சார் இருக்கு. சுவத்துல மோதுன மாதிரி வெடுக்குன்னு நின்னாத்தான் அது பேக்கைத் தெறக்கச் சொல்லும். இதுக்குச் சொல்லாது. உங்க வண்டிக்கு அந்த உப்புதான் ஏர்பேக்கு. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

உள்ளே போய், எங்கேயோ விபத்தில் சிக்கிய ஒரு காரின் ஸ்டியரிங்கை எடுத்து வந்தது. நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப்பை கிழிந்த தலையணை உறை போலத் தொங்கியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமையடித்தது இந்தத் துணியைத்தானா என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பெண் பின்பக்கத்தைத் திருப்பி இரண்டு ஓட்டைகளைக் காட்டியது. இந்தப் பை மடித்த சேலை மாதிரி ஸ்டியரிங்குக்குள் இருக்கும். பின்னால் ஒரு சின்ன டப்பாவில் வெடிமருந்து போல ஒரு மருந்து. சென்சார் சொன்னதும் அந்த மருந்து பற்றிக்கொண்டு வாயுவாகி, கண் இமைப்பதற்குள் பை நிரம்பிவிடும். ஆள் முகம் அதில் பட்டதும் இந்த ஓட்டை வழியாகக் காற்று இறங்கிவிடும். அந்த இறங்குகிற நேரத்தில்தான் முகம் நோகாமல் நிற்கிறது. நிரம்பி முடித்த பைமேல் போய்ச் சாய்ந்தால்தான் இது தலையணை. பெல்ட் இல்லாமல் முன்னாலேயே போய் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடக்கிறவனுக்கு, வெடித்து வருகிற பை முகத்தில் விழுகிற குத்து.

“அன்னைக்கு அது தெறக்கலைன்னு கோவமா வந்துருக்கீங்க. நீங்க கெடந்த கெடைக்கு அது தெறந்திருந்தா, இன்னைக்கு இங்கன நின்னு கோவப்பட்டிருக்க மாட்டீங்க சார்.”

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்து டிரைவர் சீட்டைப் பார்த்தது. பூட்டில் செருகியிருந்த இரும்புத் துண்டை உருவி எடுத்து, அவர் கையில் வைத்தது. ஏசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. “பெரிய இடி இடிச்சா, பெல்ட்டை உள்ள இழுத்து ஆளைச் சீட்டோட சேத்துப் பிடிக்க இதுலயும் ஒரு மருந்து டப்பா இருக்கு. இதைச் செருகி வச்சா, வண்டி உங்களைப் பிடிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டு வெறும் கயிறை இழுக்கும்” என்று மட்டும் சொன்னது.

பிறகு பெல்ட்டை எடுத்து இழுத்துக் காட்டியது. மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. வெடுக்கென்று இழுத்தால் ஒரு விரற்கடைகூட வரவில்லை. உள்ளே சுற்றியிருக்கிற உருளையில் ஒரு பல் இருக்கிறதாம். வண்டி திடீரென்று நின்றாலோ, பட்டை வேகமாக இழுபட்டாலோ அந்தப் பல் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

அவர் தானும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “மெதுவாக் கேட்டா எம்புட்டு வேணாலும் தருது. வெடுக்குன்னு கேட்டா ஒண்ணும் கெடைக்கல. எங்க வீட்டுல ஒரு ஆளு இப்படித்தான்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். உதடு வீங்கியிருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“நீங்க எப்படிம்மா போடுவீங்க, போட்டுக் காட்டுங்க” என்றது அந்தப் பெண் என்னிடம். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலப் பட்டையைக் கைக்கு அடியில் விட்டு மாட்டினேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தது. “விலாவுல அடி பட்டுச்சாம்மா?”

“கொஞ்சம்.”

“அடிபட்டுச்சா?” என்றார் அவர். “எங்கிட்ட சொல்லவே இல்லையே.” அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. இத்தனை நாளாக இவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவளே தப்பாகத்தான் மாட்டியிருக்கிறாள். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் ஓட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. “ரொம்ப வலிக்குதா புள்ள?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் உடைந்துபோனேன்.

தாங்கக்கூடிய எலும்பின்மேல்தான் பட்டை கிடக்க வேண்டும் என்று அந்தப் பெண் காட்டியது. மேல்பட்டை தோள் எலும்பிலும் நெஞ்சு எலும்பிலும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பில். கைக்கு அடியில் விட்டால் விலாவும் குடலும்தான் வாங்கும். என் கூச்சம் என்னவென்று நான் சொல்லாமலே அதற்குப் புரிந்தது. பட்டையைப் பர்தாவின்மேல் தட்டையாகப் போட்டு, முக்காட்டின் முன்துணியை எடுத்துப் பட்டையின்மேல் தொங்கவிட்டது. பார்த்தால் பெல்ட் இருப்பதே தெரியவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா விலாவைக் கொடுத்தேன்? கடைசியாக அவரைப் பார்த்து, “இந்தப் பிளாஸ்டிக்கை உரிச்சிருங்க சார். வழுக்கும். வழுக்குனா ஆளு பெல்ட்டுக்கு அடியில போயிருவாக” என்றது. அவர் அங்கேயே உரித்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய தியாகம் அது.

பம்பரைச் சரிசெய்துகொண்டு திரும்பினோம். திருப்புல்லாணி தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். காருக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தோம். அந்த இரும்புத் துண்டை அவர் விரலில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். உதட்டில் டீ பட்டு எரிந்தது போலிருக்கிறது, மெல்ல ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு அப்போது கோபம் இல்லை. அதனால் கேட்க முடிந்தது.

“அங்கன ஒரு நாளாச்சும் போடாம ஓட்டுனீங்களா மச்சான்?”

“இல்ல.”

“ஃபைனுக்குப் பயந்தா?”

கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். “மொத ஒரு வருஷம் ஃபைனுக்குத்தான். அங்கன ரோட்டுல அடிபட்டுக் கெடக்குறதை அடிக்கடி பாப்பேன் புள்ள. நம்ம ஆளுவ, நம்மள மாதிரி டிரைவருங்க. அப்படியே பெட்டியில வச்சு ஊருக்கு அனுப்புவாங்க. அதைப் பாத்த பெறகு ஒவ்வொரு நாளும் மாட்டுறப்ப ஒண்ணே ஒண்ணு நெனப்பேன். நான் முழுசா ஊருக்குப் போகணும், அம்புட்டுத்தான்.” துண்டைச் சுழற்றுவதை நிறுத்தினார். “இங்கன வந்து சேந்துட்டேன்ல. வந்த பெறகு எதுக்குக் கட்டிக்கிறதுன்னு இருந்துச்சு.”

இருபத்திரண்டு வருஷம் நான் கோபப்பட்ட சத்தம் அது. தினமும் காலையில் என்னை விட்டுவிட்டுப் போகிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னிடம் வந்து சேருவதற்காக அவர் மாட்டிக்கொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் பக்கம் திரும்பினேன். “அன்னைக்கு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நீங்க தலையைத் தூக்கல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வந்து சேந்துட்டேன்னு நீங்களாச் சொல்லிக்கிறீங்க. நான் இன்னும் சொல்லலையே மச்சான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இறங்கிப் போய் டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடை ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் இரும்புத் துண்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் நின்றதை நான் பார்க்கக்கூடாது என்பதற்காக முகத்தை அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டார். நானும் அதைப் பார்க்காத மாதிரி, பேச்சை மாற்றுவதற்காக மீனைப் பற்றி ஆரம்பித்தேன். வாளித் தண்ணீர் கொட்டிய இடம் இன்னும் நாறுகிறது, வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அப்புறம் அந்த விளமீன் குழம்பில் நான் போட்ட உப்பே இல்லை, எல்லாம் அந்தக் குவியலில் அள்ளிய உப்புதான், இல்லாவிட்டால் அன்றைக்கு அப்படி…

டக்.

அவர் பெல்ட்டை மாட்டினார். என் பேச்சு அப்படியே நின்றது. எத்தனையோ வருஷப் பழக்கம். வாய் தானாக மூடிக்கொண்டது, காது தானாக அந்த ‘வைக்கிறேன்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது.

அவர் சாவியைத் திருகிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ஏன் புள்ள நிறுத்திட்ட? சொல்லு.”

நான் சொன்னேன். கீழக்கரை வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன்.